அப்புச்சிக்குக் கிடைப்பதில் அம்மாயிக்கு எவ்வளவு மிஞ்சும்?

கோபியில் அப்புச்சி (அம்மாவின் அப்பா) கட்டிலுக்கு அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று கிடக்கிறது. மூடியில் வெள்ளை எழுத்தில் அவருடைய ஆர்மி நம்பர். மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து அவர் படுத்த பிறகுதான் அதை முழுதாகக் கொட்டிப் பார்த்தோம். மெட்ராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக இருந்து 1984-ல் ஓய்வு பெற்றவர். டிஸ்சார்ஜ் புக், பழைய கேன்டீன் கார்டு, மடிப்பு கிழிந்த பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) எல்லாம் இருந்தன. பி.பி.ஓ.வில் அவர் மனைவி, எங்கள் அம்மாயி பெயர் இருந்தது. அம்மாயியின் பிறந்த தேதி இல்லை.

அந்த விடுபட்ட தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அதற்கப்புறம் முன்னாள் படைவீரர்களுக்கான ஒவ்வொரு சலுகையையும் ஒரே கேள்வி வைத்துத்தான் பார்க்கிறேன். கணவர் காலத்துக்குப் பின் மனைவிக்கு இது தொடருமா?

முதலில், கூடவே ஒரு ஆள் வைத்துக்கொள்ளத் தரும் கான்ஸ்டன்ட் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ். 2017 ஜூலையில் மாதம் 4,500 ரூபாயில் இருந்து 6,750 ஆனது. பலரும் இதைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் ராணுவ சேவையால் வந்த ஊனம் 100 சதவீதம் என்று இருந்து, ஆள் துணை தேவை என்று மெடிக்கல் போர்டும் சொன்னால்தான் உண்டு. அப்புச்சிக்கு வந்தது வயோதிகத்தில் வந்த பக்கவாதம், அதனால் இல்லை. கிடைக்கிறவர்களுக்கும் அது அவர் ஆயுள் வரைக்கும்தான். அவரை இருபது வருஷம் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டிய மனைவி, கடைசியில் தானே படுக்கையில் விழுந்தால் அந்தப் படி அவருக்கு வராது.

இன்னொன்று, வயதுக்காகக் கூடும் ஓய்வூதியம். 80 வயதில் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம், 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறைத் தொட்டால் 100 சதவீதம். ஊனம், போர்டு என்று எதுவும் கேட்பதில்லை. முக்கியமாக, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் உண்டு, அதுவும் அவருடைய சொந்த வயதை வைத்து. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமான 9,000 வாங்கும் அம்மாவுக்கு 80 முடிந்ததும் 1,800 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் கூடும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் கணவர் போனதும் கடைசிச் சம்பளத்தில் பாதியாக இருந்த ஓய்வூதியம், சாதாரணக் குடும்ப ஓய்வூதியமாக, அந்தச் சம்பளத்தில் 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். கணவர் வயதுக்காக வந்த கூடுதலும் நின்றுவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது இது ஒன்றுதான். பிறந்த தேதி பதிவில் இருந்தால் விண்ணப்பம்கூட வேண்டாம், தானாக ஏறும். இல்லாவிட்டால் ஏறாது.

ஆக, இரண்டில் எனக்கு வயதுக் கூடுதல்தான் பெரிது.

மருத்துவத்துக்கு வருவோம். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் பாலிகிளினிக் வழியாக வைத்தியம் தர 2003 ஏப்ரலில் தொடங்கிய இ.சி.எச்.எஸ். ஒரு பக்கம், 70 வயது தாண்டிய எல்லோருக்கும் என்று மத்திய அரசு 2024-ல் கொண்டுவந்த 5 லட்சம் ரூபாய் ஆயுஷ்மான் அட்டை இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும். எங்கள் தோட்டத்துப் பக்கம் ஒருவர், "பாலிகிளினிக்குப் போய்ப் போய்க் காலு ஓஞ்சு போச்சுங்க, அந்தக் கார்டுக்கே மாறிக்கலாம்னு இருக்கறனுங்க" என்றார். அவசரப்படாதீங்க என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன். ஆயுஷ்மான் அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் உதவும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கும் வெளிநோயாளியாகப் பார்ப்பதற்கும் உதவாது. அந்த 5 லட்சமும் 70 தாண்டியவர்களுக்கு மட்டும். அந்தத் தோட்டத்துப் பக்கத்துக்காரருக்கு 74, அவர் மனைவிக்கு 66. மாறியிருந்தால் அந்த அம்மாவுக்கு நாலு வருஷம் அதில் இடமே இல்லை. இ.சி.எச்.எஸ்.ஸில் மனைவிக்கு எந்த வயதிலும் உண்டு. கணவர் இறந்தாலும் குடும்ப ஓய்வூதியர் என்ற முறையில் தொடரும், அட்டையை மட்டும் அவர் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 1996-க்கு முன் ஓய்வு பெற்றவர்கள் சந்தாவும் கட்ட வேண்டியதில்லை.

அலைச்சல் உண்மைதான். படுத்த படுக்கையாக இருப்பவரை காரில் ஏற்றி இறக்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குத் துணையாக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும். பிசியோதெரபி செய்கிறவரும் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் நர்ஸும் வருவார்கள். அப்புச்சியின் இடது கை விரல்கள் மறுபடி டம்ளரைப் பிடித்தது பிசியோதெரபி செய்யும் பெண் வந்து பழக்கியதால்தான். இதற்கும் இ.சி.எச்.எஸ்.ஸுக்கும் மோதலே இல்லை.

பென்ஷனே இல்லாத பட்டாளத்துக்காரர்கள் கதை வேறு. ஏழெட்டு வருஷம் இருந்துவிட்டுக் குடும்பத்துக்காகத் திரும்பி வந்தவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். ஹவில்தார் வரை உள்ளவர்களில், 65 தாண்டி, நிரந்தர வருமானம் இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நல வாரியமான கேந்திரிய சைனிக் போர்டு பெனுரி கிராண்ட் என்ற வறுமை உதவித்தொகை தருகிறது. மாதம் 4,000 ஆக இருந்தது, 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000. வாழ்நாள் முழுவதும் உண்டு, விதவைகளும் விண்ணப்பிக்கலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் டிஸ்சார்ஜ் புக்கோடு போய்க் கேளுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு இதைக் கேட்காமலேயே இருப்பவர்களை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

வீட்டில் ஆள் வைப்பதா, முதியோர் இல்லமா? இதற்கு மேலே சொன்ன எதுவும் முழுதாகக் கட்டுப்படி ஆகாது. இ.சி.எச்.எஸ். வைத்தியத்துக்கு, நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு அல்ல. எங்களிடம் ஏஜென்சியில் கேட்டது மாதம் 22,000. கோவையைச் சுற்றிக் கட்டண முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. சேர்க்கும் முன், நடக்க முடியாமல் போனாலும் வைத்துப் பார்ப்பீர்களா, ஒருவர் போனபின் மற்றவர் அதே அறையில் இருக்கலாமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நாங்கள் பகலுக்கு மட்டும் ஊரிலேயே ஒரு அக்காவை வைத்துக்கொண்டோம். ராத்திரி அம்மாயி.

அந்தப் பிறந்த தேதிக்காக ஒன்றரை வருஷம் அலைந்தோம். அம்மாயி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆதாரில் ஒரு வருஷம், வாக்காளர் அட்டையில் இன்னொரு வருஷம். ஓர் அலுவலகத்தில் விண்ணப்பத்தை இரண்டு முறை தொலைத்தார்கள். ஆதாரைச் சரிசெய்து, நல அலுவலகம் வழியாக ரெஜிமெண்டின் பதிவேடுகள் இருக்கும் வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பி, அங்கிருந்து ராணுவ ஓய்வூதிய அலுவலகம் இருக்கும் பிரயாக்ராஜ் போய், திருத்திய பி.பி.ஓ. போன தை மாதம் வந்தது. அப்புச்சிக்குப் படித்துக் காட்டினேன். பேச்சு இன்னும் குழறுகிறது. காகிதத்தை வலது கையில் வாங்கி, அம்மாயி பக்கம் நீட்டினார். "எனக்கெதுக்குங்க இதெல்லாம், நீங்க இருந்தாப் போதும்" என்று சொல்லிக்கொண்டே அவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்தார். நான் அதற்குள் மூன்று நகல் எடுத்து வைத்திருந்தேன்.