பட்டையா, குரோமா? தோல் பதனிடும் இரண்டு வழிகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் தோல் பதனிடுதலுக்கு ஒரு மேசை நிச்சயம். சார்ட்டில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் ஒன்றுதான்: பட்டை (மரப்பட்டைச் சாற்றில் பதனிடுவது) இயற்கை, அதனால் நல்லது, குரோம் (குரோமிய உப்பில் பதனிடுவது) ரசாயனம், அதனால் கெட்டது. வேதியியல் ஆசிரியர் இரண்டு கேள்வி கேட்டால் அந்த வாசகம் நிற்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில், பதனிடத் தொடங்குமுன் நடப்பவை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் உப்பைத் தடவித்தான் ஷாப்புக்கு, அதாவது பதனிடும் ஆலைக்கு, வருகிறது. அங்கே ஊறவைத்து உப்பைக் கழுவுகிறார்கள், சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போட்டு முடியை நீக்குகிறார்கள், சதையைச் சீவுகிறார்கள், அம்மோனியம் உப்பால் சுண்ணாம்பைப் போக்குகிறார்கள். சுண்ணாம்பு போனதா என்று பார்க்கத் தோலின் ஓரத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு பினால்ஃப்தலீன் விடுவார்கள். நடுவில் இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தால் இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. இவ்வளவும் பட்டைக்கும் உண்டு, குரோமுக்கும் உண்டு. பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்பானதற்கு முக்கியக் காரணம் இந்த முன்வேலைகளின் உப்புதான். பட்டைக்கு மாறினால் அது மறைந்துவிடாது.

இனி வேதியியல். தோல் என்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு மாதிரி. ஈரத்தில் சூடாக்கினால் ஏறக்குறைய 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் அந்த முறுக்கு அவிழ்ந்து தோல் சுருங்கிவிடும். பதனிடுவது என்றால் இழைகளுக்கிடையே புதிய பிணைப்பு போடுவது. குரோமியம் +3 அயனி, கொலாஜனின் அஸ்பார்டிக், குளூட்டாமிக் அமிலங்களில் உள்ள கார்பாக்சில் தொகுதிகளோடு அணைவுச் சேர்மமாக இணைகிறது. பிளஸ் டூவில் படிக்கிற அதே அணைவு வேதியியல்தான். ஆவாரம் பட்டை, வேலம்பட்டை, கடுக்காய் ஆகியவற்றின் டானின்கள் பெரிய பாலிஃபீனால் மூலக்கூறுகள். அவை முக்கியமாக ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டுகின்றன. ஒவ்வொரு பிணைப்பும் பலவீனம், எண்ணிக்கை அதிகம். பட்டைத் தோல் 70 முதல் 85 டிகிரியில் சுருங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிக்கும் நீரையே தாங்கும்.

குரோம் வேலையை 100 கிலோ தோலுக்குக் கணக்குப் போடுவோம். டிரம்மில் (சுழலும் பெரிய பீப்பாய்) 80 முதல் 100 லிட்டர் தண்ணீர், 8 முதல் 10 கிலோ உப்பு. பத்து நிமிடம் ஓடிய பிறகு, 1 முதல் 1.5 கிலோ கந்தக அமிலத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து (அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும்) மூன்று தவணையாக விடுவார்கள். இதுதான் பிக்கிள். உப்பு போதாவிட்டால் அமிலம் பட்ட தோல் தண்ணீரை இழுத்து வீங்கும். அந்தத் தோலை அப்புறம் சரிசெய்ய முடியாது. பிஹெச் 2.8 அல்லது 3க்கு வந்ததும் 8 கிலோ காரக் குரோமியம் சல்ஃபேட் பொடி சேரும். அதில் குரோமியம் ஆக்சைடு கால் பங்கு, அதாவது 2 கிலோ. இந்த அமிலத்தன்மையில் கார்பாக்சில் தொகுதிகள் அயனியாகாமல் இருப்பதால் குரோமியம் எங்கும் ஒட்டாமல் நடுப்பகுதி வரை போய்ச்சேரும். போய்ச்சேர்ந்த பிறகுதான் சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து, கால் மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு தவணையாக விட்டு, பிஹெச்சை 3.8 முதல் 4 வரை ஏற்றுவார்கள். அப்போதுதான் பிணைப்பு. அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் குரோமியம் மேற்பரப்பிலேயே ஹைட்ராக்சைடாகப் படிந்து பச்சைத் திட்டு விழும், மேல்தோல் சொரசொரக்கும். வெட்டிப் பார்த்தால் இரு ஓரமும் நீலம், நடுவில் வெள்ளைக் கோடு. எல்லாம் சரியாக முடிந்தால் கிடைப்பது ‘வெட் ப்ளூ’, ஈரமான நீலத் தோல். டிரம் வேலை ஒரு நாள். பிறகு ஓர் இரவு அடுக்கி வைத்தால் போதும்.

பட்டை வேலையிலும் சட்டம் அதேதான்: முதலில் உள்ளே போக வேண்டும், பிறகு ஒட்ட வேண்டும். ஆனால் திசை தலைகீழ். குரோமில் பிஹெச்சை ஏற்றிப் பிணைக்கிறோம். பட்டையில் 5 வாக்கில் தொடங்கி, கடைசியில் 3.5 பக்கம் இறக்கிப் பிணைக்கிறோம். தேர்வில் இந்த ஒரு வேறுபாட்டை எழுதினாலே பாதிக் கேள்விக்கு விடை. பட்டைச்சாற்றின் செறிவும் முக்கியம். ஏற்கெனவே பயன்படுத்திய பழைய, நீர்த்த சாற்றில் முதலில் போட்டு, படிப்படியாகக் கெட்டியான சாற்றுக்கு மாற்ற வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் வெளிப்புறம் மட்டும் இறுகி வாசலை அடைத்துவிடும். உள்ளே பச்சையாகவே இருக்கும். குழி முறையில் வாரக்கணக்கு, டிரம்மில் இரண்டு மூன்று நாள். தோல் எடையில் 20 முதல் 30 சதவீதம் டானின் வேண்டும். குரோமில் 2 சதவீத ஆக்சைடு போதும் என்பதோடு ஒப்பிட்டால், பட்டைத் தோல் ஏன் கனமாக, தடிமனாக, வளையாமல் நிற்கிறது என்பது புரியும். கடைசியில் கடுக்காய்ச் சாறு, எண்ணெய். இப்படித்தான் சென்னை மாகாணத்திலிருந்து ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்ற பெயரில் கப்பலேறியது.

பறையில் இழுத்துக் கட்டுவது இந்த இரண்டும் இல்லை, பதனிடாத தோல். அதனால்தான் ஈரத்தில் தளர்கிறது, தீயில் காட்டினால் விறைக்கிறது.

கழிவுநீரில் எது மோசம்? கேள்வியைப் பிரித்துக் கேட்க வேண்டும். குரோம் கழிவில் தோல் எடுத்துக்கொள்ளாத குரோமியம் மிஞ்சுகிறது. வழக்கமான முறையில் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகும். ஆனால் மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து பிஹெச்சை 8 தாண்டி ஏற்றினால் அது ஹைட்ராக்சைடாகப் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்து மறுபடி டிரம்முக்கே அனுப்பலாம். பட்டைக் கழிவில் உலோகம் இல்லை. இருந்தாலும் கருஞ்சிவப்பு நிறம், ஆக்சிஜன் தேவை அதிகம். டானினை நுண்ணுயிர்கள் சுலபத்தில் தின்பதில்லை. ‘இயற்கை’ என்ற சொல் இங்கே உதவாது. வெளியேற்றும் நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 2 மில்லிகிராம், +6 வடிவம் 0.1 மில்லிகிராம், கரைந்த உப்புகள் 2100 மில்லிகிராம் என்பது வரம்பு. இதில் குரோமியத்தை எட்டிவிடலாம். உப்புக்கு ஆர்ஓ (சவ்வு வழியே வடிகட்டுவது), ஆவியாக்கி இரண்டும் வேண்டும். செலவு முழுக்க அங்கேதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் ‘மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது இந்த ஊர்த் தண்ணீருக்காகத்தான்.

+3, +6 குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். டிரம்மில் போடுவது +3. நச்சும் புற்றுநோய் அபாயமும் உள்ளது +6. ஆனால் கொழுப்பு ஆக்சிஜனேற்றம், புற ஊதாக் கதிர், அதிகக் காரத்தன்மை இருந்தால் தோலிலேயே கொஞ்சம் +3 மாறி +6 ஆகும். உடலில் படும் தோல் பொருளில் +6 குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் தடுத்திருக்கிறது.

எதற்கு எது? ஷூ மேல்தோலுக்கு குரோம். மென்மை, விரும்பிய நிறம், தொழிற்சாலைச் சூட்டைத் தாங்கும் குணம். பெல்ட், குதிரைச் சேணம், ஷூவின் தோல் அடிப்பாகம், செதுக்கு வேலைக்குப் பட்டை. இதில் ஒன்றை வைத்து மற்றதன் வேலையைச் செய்யப் பார்ப்பது வீண்.

கண்காட்சிக்கு, ஷூ கம்பெனியில் கழிக்கும் துண்டுகள் போதும். 5 சென்டிமீட்டர் நீளம், 1 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த துண்டு தவறான விடை தரும். பீக்கரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சூடேற்றுங்கள். துண்டு சுருள ஆரம்பிக்கும் வெப்பநிலையைக் குறியுங்கள். வேகமாகச் சூடேற்றினால் அளவு பிசகும்.

இன்னொரு சோதனை: இரும்பு ஆணிகளை வினிகரில் ஒரு நாள் போட்டு, அந்த நீரில் ஒரு சொட்டைத் தோலின் உள்பக்கத்தில் விடுங்கள். மேல்பக்கத்தில் பூச்சு இருக்கும், ஊறாது. பட்டைத் தோல் கறுத்துவிடும், இரும்பு டானேட். குரோம் தோல் கறுக்காது என்று நம்பிவிடாதீர்கள்: இன்றைய குரோம் தோல்களில் பல, மென்மைக்கும் திணிவுக்கும் வாட்டில் மரப்பட்டைச் சாற்றில் இரண்டாம் முறை பதனிடப்பட்டவை, அவையும் கறுக்கும். இரண்டு சோதனையும் முரண்பட்டால் சூட்டுச் சோதனையை நம்புங்கள்.

எரித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம். குரோம் தோலைக் காற்றில் எரித்தால் சாம்பலில் +6 குரோமியம் உண்டாகலாம். மிஞ்சிய துண்டுகளைக் கட்டி, வாங்கிய கம்பெனியிலேயே திருப்பிக் கொடுங்கள்.