ஸாத்தரி முகாமும் பெக்கா கூடாரங்களும்: கேமரா பார்த்தது எது?

சிரிய அகதிகள் என்றதும் கண்முன் வருவது பெரும்பாலும் ஜோர்டானின் ஸாத்தரி முகாம்தான். 2012 ஜூலையில் திறந்தது. தலைநகர் அம்மானிலிருந்து காரில் போய்வர எளிது. அனுமதி கிடைத்தால் படம் தயார். உள்ளே கடைத்தெருவின் பெயர் 'ஷாம் எலிசே'. பாரிஸின் ஆடம்பர வீதியான 'ஷான்ஸ் எலிசே'யின் பெயருக்குள், சிரியத் தலைநகர் டமாஸ்கஸைக் குறிக்கும் 'ஷாம்' என்ற சொல்லை நுழைத்த குசும்பு! கல்யாண உடுப்பு வாடகைக்குக் கிடைக்கும், சைக்கிள் பழுது பார்ப்பார்கள். செய்தியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் ஜோர்டானுக்கு வந்த சிரியர்களில் பெரும்பாலோர் வாழ்ந்தது முகாமில் அல்ல, நகரங்களின் வாடகை வீடுகளில். அங்கே கேமரா அதிகம் எட்டிப்பார்க்கவில்லை.

லெபனான் கதை வேறு. 1948இல் வந்த பாலஸ்தீனர்கள் திரும்பவே முடியாமல் போனதை நினைத்து, சிரியர்களுக்கு அரசு முகாமே அமைக்கவில்லை. பலர் பெக்கா பள்ளத்தாக்கின் வயலோரங்களில், நிலக்காரருக்கு வாடகை கொடுத்துக் கூடாரம் போட்டார்கள். அரசு இவர்களை 'லாஜிஊன்', அதாவது அகதிகள் என்று அழைக்கவில்லை. 'நாஸிஹூன்', இடம்பெயர்ந்தோர் என்றது. பல ஊடகங்களும் அதையே பிடித்துக்கொண்டன. சொல் மாறியதும் உரிமைப் பேச்சு நழுவி, 'சுமை' என்ற பேச்சு முன்னால் வந்தது.

என்னைக் கேட்டால் ஸாத்தரி படம் அரைகுறைதான். ஆனாலும் அதில் கடைக்காரரின் முகமாவது தெரிகிறது.