கமிட் மெசேஜ ஒழுங்கா எழுத ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு, என்ன லாபம்னு சொல்றேன்

நமக்கு கேரளா பார்டர்ல கொழிஞ்சாம்பாறை பக்கம்ங்க, வேலையும் இங்கியேதான், பில்லிங் சாஃப்ட்வேர் பண்ற சின்ன டீம். கஸ்டமர்ல பாதி பேரு சித்தூர், பாலக்காடுன்னு இந்தப் பக்கம், மீதி பேரு கோபாலபுரம் தாண்டி பொள்ளாச்சி, கோயமுத்தூர்னு அந்தப் பக்கம், சாஃப்ட்வேர் ஒண்ணுதான் ஆனா கேரளா, தமிழ்நாடுன்னு ஸ்டேட்டு ரெண்டு. கோட்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் கிட்ங்கற டூல்ல பதிஞ்சு வைப்போம், அதுதான் கமிட், அதோட எழுதற குறிப்புதான் கமிட் மெசேஜ். கமிட் மெசேஜ் எப்புடி எழுதறதுன்னு தேடினா எல்லா எடத்துலயும் ஒரே பாட்டுதான் வரும், தலைப்பு 50 எழுத்துக்குள்ள இருக்கணும், அடுத்து ஒரு லைன் காலியா விடணும், கீழ எழுதறத 72 எழுத்துல மடக்கணும், "சேர்", "மாத்து"ன்னு கட்டளை போடற மாதிரி எழுதணும். இதெல்லாம் நாங்களும் ஃபாலோ பண்றோம், லாக், அதாவது கமிட் எல்லாம் வரிசையா வர்ற லிஸ்ட், பாக்க நீட்டா இருக்கு, வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நெஜமா கை குடுத்தது அது இல்ல.

கை குடுத்தது தலைப்புக்கு கீழ எழுதற அந்த நாலு வரி. அதுலயும் "என்ன மாத்துனேன்"ங்கற வரி இல்ல, அத டிஃப்ல (பழைய கோடுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசம்) யாரும் பாத்துக்கலாம், "யாரு சொல்லி மாத்துனோம், எதுக்கு மாத்துனோம்"ங்கற வரி.

ஒரு உதாரணம் சொல்றேன். 2018 வெள்ளத்துக்கு அப்புறம் கேரளாவுல ஃப்ளட் செஸ்னு ஜிஎஸ்டிக்கு மேல ஒரு கூடுதல் வரி போட்டாங்க, ஞாபகம் இருக்கும், 2019 ஆகஸ்ட் 1ல ஆரம்பிச்சு 2021 ஜூலை 31 வரைக்கும் ஓடுச்சு. 12, 18, 28 பர்சன்ட் ஜிஎஸ்டி ஐட்டத்துக்கெல்லாம் 1%, தங்க நகைக்கு 0.25%, 5 பர்சன்ட் சாமானுக்கு கெடையாது, அதுவும் ஜிஎஸ்டி நம்பர் வச்சு வியாபாரத்துக்கு வாங்கறவங்களுக்கு வித்தா கெடையாது, கடைக்கு வந்து வாங்கிட்டுப் போற சாதா கஸ்டமருக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு கடைக்கு இந்தக் கதையே இல்ல. ஆக ஒரே ஃபங்க்ஷன்ல ஸ்டேட் கோட் 32ஆ (கேரளா) 33ஆன்னு (தமிழ்நாடு) ஒரு இஃப், அதுக்குள்ள வாங்கறவங்க யாருன்னு ஒரு இஃப், அதுக்குள்ள எத்தன பர்சன்ட்டுன்னு இன்னொரு இஃப், பாத்தாலே தல சுத்தும். 2021 ஆகஸ்ட்ல செஸ் போனதும் அத நிறுத்தி ஒரு கமிட் போட்டோம், அதோட மெசேஜ் கிட்டத்தட்ட இப்புடி இருக்கும்:

"கேரளா செஸ் கணக்க நிறுத்து, கோட எடுக்காத

2021 ஜூலை 31க்கு அப்புறம் போடற பில்லுக்கு செஸ் இல்ல. ஆனா பழைய பில்ல திரும்ப ப்ரிண்ட் எடுத்தா அன்னிக்கு வாங்குன தொகையேதான் வரணும்னு கடைக்காரரோட ஆடிட்டர் போன்ல சொன்னாரு. அதனால ஃபங்க்ஷன் அப்புடியே இருக்கும், பில் தேதி பாத்துதான் உள்ள போகும். இன்னைய தேதிய பாக்கக் கூடாது."

கொஞ்ச வருஷம் கழிச்சு சித்தூர்ல இருந்து புதுசா ஒரு பையன் சேந்தான், நல்ல வெவரமான பையன், கோட்ல குப்பை இருந்தா அவனுக்கு ஆகாது. ஒரு நாள் வந்து "சேட்டா, ஈ செஸ் ஒக்கெ களயட்டே?"ன்னு கேட்டான், இந்த செஸ் எல்லாம் எடுத்துரட்டுமான்னு அர்த்தம். முடிஞ்சு போன டாக்ஸ், யூஸ் ஆகாத கோடுன்னுதான் யாருக்கும் தோணும், அவன் மேல தப்பே இல்ல. "அந்த லைன்ல ப்ளேம் போட்டுப் பாருப்பா"ன்னேன் (அந்த லைன யாரு எந்த கமிட்ல மாத்துனாங்கன்னு கிட் காட்டும்), அவ்ளோதான், படிச்சுட்டு சிரிச்சுட்டே போய்ட்டான். நான் வாயத் தொறந்து வெளக்க வேண்டிய வேலையே இல்ல. ஆடிட்டர் சொன்னது எனக்கே மறந்து போச்சு, அந்த மெசேஜ் இல்லேன்னா "ஆமாப்பா எடுத்துரு"ன்னு நானே சொல்லியிருப்பேனோ என்னவோ.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணும் இருக்கு. சரக்கு அனுப்பறப்ப கூடவே போக வேண்டிய ஈவே பில்ங்கற சீட்டு எத்தன ரூபாய்க்கு மேல வேணும்னு ஒரு செக் இருக்கு, அதுல ஒரு எடத்துல 50,000, இன்னொரு எடத்துல 1,00,000. ப்ளேம் போட்டா "ஈவே பில் சேஞ்சஸ்"னு மூணே வார்த்தை, எழுதுனவரு எப்பவோ வேலைய விட்டுப் போயாச்சு. நம்பர் தப்பா அடிச்சதா, இல்ல ஏதாவது ஒரு கடைக்கு ஸ்பெஷலா போட்டதா, ஒண்ணும் புரியல. ரெண்டு பேர் உக்காந்து ரூல் தேடிப் பாத்தா ரெண்டுமே கரெக்டு, தமிழ்நாட்டுக்குள்ளயே போற சரக்குக்கு 2018 ஜூன்ல இருந்து வரம்பு 1 லட்சம், கேரளாவுக்குள்ளயும் பார்டர் தாண்டுறதுக்கும் 50 ஆயிரம். இன்னும் மூணு வார்த்தை சேத்து எழுதியிருந்தா ஒரு மத்தியானம் மிச்சம். வாளையார்ல செக்போஸ்ட்ல க்யூல நின்ன காலமெல்லாம் 2017ல ஜிஎஸ்டி வந்ததோட போச்சுன்னு சொல்றாங்க, அந்த க்யூ இப்ப எங்க கோடுக்குள்ள நிக்குது, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, பழக்கம் எப்புடி வந்துச்சுன்னு கேட்டா, முக்கியமா கமிட் கமாண்டுல மைனஸ் எம் (-m) போடறத விட்டதுதான். மைனஸ் எம் போட்டா டெர்மினல்ல ஒரு கோட்டேஷனுக்குள்ள எழுதணும், அதுல நாலு வரி எழுத யாருக்கு பொறுமை, "பக் ஃபிக்ஸ்"னு அடிச்சுட்டுப் போயிருவோம். வெறும் கிட் கமிட்னு குடுத்தா எடிட்டர் தொறக்கும், எடம் காலியா இருக்கறதப் பாத்தாலே எழுதத் தோணும். கான்ஃபிக்ல (கிட்டோட செட்டிங்ஸ்) கமிட் டாட் வெர்போஸ் ட்ரூன்னு வச்சுட்டா நீங்க மாத்துன டிஃப் மொத்தமும் கீழயே தெரியும், அதப் பாத்துக்கிட்டே எழுதலாம், மறந்து போயி உள்ள விட்ட டெஸ்ட் ப்ரிண்ட் லைனெல்லாம் அங்கதான் கண்ணுல படும். எனக்கு இது ஒண்ணுக்கே ஃபுல் மார்க்.

எடிட்டர்ல ஒரு வம்பும் இருக்கு. ஹேஷ் குறில (#) ஆரம்பிக்கற லைன கமெண்ட்டுன்னு நெனச்சு கிட் தூக்கிரும். டிக்கெட் (வேலைக்கோ புகாருக்கோ குடுக்கற) நம்பர ஹேஷ் போட்டு லைனோட மொதல்ல எழுதற ஆளுங்களுக்கு அந்த லைன் சத்தமில்லாம காணாமப் போகும், எர்ரர் கூட வராது. நாங்க இப்ப "டிக்கெட்"னு எழுதிட்டு அப்புறம் நம்பர் போடறோம்.

ஹூக், அதாவது கமிட் போடறப்ப தானா ஓடற ஸ்க்ரிப்ட், வச்சு கட்டாயப்படுத்தற வேலையும் பண்ணிப் பாத்தோம், அது தேறல. மொத விஷயம் டாட் கிட் ஃபோல்டருக்குள்ள இருக்கற ஹூக், ப்ராஜெக்ட க்ளோன் பண்ணி காப்பி எடுத்தா கூடவே வராது, தனியா ஒரு ஃபோல்டர்ல வச்சு ஹூக்ஸ்பாத்னு ஒவ்வொருத்தர் மெஷின்லயும் செட் பண்ணணும். அதையும் பண்ணியாச்சு. பாடி (தலைப்புக்கு கீழ எழுதறது) 20 எழுத்துக்கு கம்மியா இருந்தா விடாதன்னு வச்சா மக்கள் தலைப்பையே ரெண்டு தடவ எழுதி விடறாங்க. புதுசா சேத்தா ஃபீட், தப்ப சரி பண்ணா ஃபிக்ஸ், சில்லறை வேலைன்னா சோர்னு தலைப்புக்கு முன்னால ஒட்டற ஸ்டைலும் கொஞ்ச நாள் இருந்துச்சு, ரிலீஸ் நோட் தானா எடுக்கறவங்களுக்கு அது வசதிதான், எங்களுக்கு இது சோரா, இல்ல ரீஃபேக்டரான்னு (கோட ஒழுங்கா மாத்தி அடுக்கறது) பஞ்சாயத்து பேசியே பொழுது போச்சு, விட்டுட்டோம்.

பாஷை விஷயம். கிட்டுக்கு தமிழ்ல எழுதினாலும் ஒண்ணும் பிரச்சன இல்ல, யூடிஎஃப் 8ங்கற எழுத்து முறைல தாராளமா வாங்கிக்கும், லினக்ஸ்ல லாக் அழகா தெரியும், ஒரு பழைய விண்டோஸ் மெஷின்ல மட்டும் கட்டம் கட்டமா வந்துச்சு. ஆனா எங்க டீம்ல மலையாளி பசங்க தமிழ் தண்ணியா பேசுவாங்க, படிக்க வராது, நமக்கு மலையாளம் பேச்சு ஓகே, எழுத்து சுத்தம். அதனால இப்ப ஒடஞ்ச இங்கிலீஷ்தான், கிராமர் பாக்கறதில்ல. தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிக்கறதும் நடக்குது, ரிவ்யூல யாரும் அதப் பெருசா எடுத்துக்கறதில்ல.

நல்ல மெசேஜ் எழுதி வச்சும் கைக்கு கெடைக்காமப் போற ஒரு எடம் உண்டு. ஒரு தடவ மொத்த ப்ராஜெக்டையும் ஃபார்மேட்டர்ல (கோடோட எடவெளி, அடுக்க ஒழுங்கு பண்ற டூல்) விட்டு எடுத்தோம், அதுக்கப்புறம் எந்த லைன்ல ப்ளேம் போட்டாலும் "ஃபார்மேட் கோட்"னு ஒரே கமிட்தான் வந்து நிக்கும். கிட் 2.23ல இருந்து இதுக்கு வழி இருக்குங்க, அந்த கமிட்டோட ஐடிய ஒரு ஃபைல்ல எழுதி இக்னோர் ரெவ்ஸ் ஃபைல்னு கான்ஃபிக்ல காட்டிட்டா ப்ளேம் அதத் தாண்டி பழைய ஆளக் காட்டும். அழிச்சுட்ட கோடு எப்பப் போச்சுன்னு தேட கிட் லாக்ல மைனஸ் பெரிய எஸ் (-S) போட்டு அந்த வார்த்தையக் குடுங்க, அது வந்த கமிட்டும் போன கமிட்டும் வரும். இந்த ரெண்டும் தெரியாம மெசேஜ் மட்டும் நல்லா எழுதி பிரயோஜனம் கம்மி.

லினக்ஸோட மையப் பகுதியான கெர்னலோட லாக்க ஒரு தடவ மேய்ஞ்சு பாருங்க. 2005ல லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த கிட்ங்கற டூல எழுதுனதே அந்த கெர்னல் வேலைக்குத்தான். ஒரு லைன் மாத்தம், அதுக்கு ரெண்டு மூணு பத்தி வெளக்கம், எந்த கமிட்ல வந்த தப்புன்னு "ஃபிக்ஸஸ்"னு ஒரு லைன், சகஜமா கெடைக்கும். முகமே பாக்காத ஆளுங்க ஈமெயில்ல பேட்ச் (கோட் மாத்தம்) அனுப்பற எடம், எழுதிக் காட்டலன்னா எவனும் வாங்கிக்க மாட்டான். நாங்க ஒரே ரூம்ல உக்காந்திருக்கோம், நமக்கு எதுக்கு அவ்ளோன்னு ஆரம்பத்துல பேச்சு வந்துச்சுதான், ஆனா ரூம்ல இருந்த பாதி பேரு இப்ப பெங்களூருலயும் கொச்சிலயும் இருக்காங்களே.

இப்ப எடிட்டர்லயே ஒரு பட்டன் தட்டினா ஏஐ மெசேஜ் எழுதிக் குடுக்குது. இங்கிலீஷ் சுத்தமா இருக்கு, பாக்க லட்சணமா இருக்கு, ஆனா "வரம்பு 50,000ல இருந்து 1,00,000 ஆக மாற்றப்பட்டது"ன்னு டிஃப்ல இருக்கறதையே திருப்பிச் சொல்லும், பொள்ளாச்சிக் கடைக்காரரு போன் பண்ணது அதுக்கு எப்புடித் தெரியும். தலைப்புக்கு யூஸ் பண்றேன், கீழ இருக்கற நாலு வரி நம்ம கையாலதான்.

இன்னும் சரி ஆகாதது ஸ்க்வாஷ் மெர்ஜ்தான். ப்ராஞ்சுல (மெயின் கோடத் தொடாம தனியா வேலை பாக்கற காப்பி) பாத்துப் பாத்து தனித்தனி கமிட்டா போட்டு, ஒவ்வொண்ணுக்கும் காரணம் எழுதி வச்சா, கடைசில மெயின் கோடோட சேக்க வெப்ல மெர்ஜ் பட்டன அமுக்கறப்ப எல்லாத்தையும் ஒரே கமிட்டா பெசஞ்சு, "டைப்போ", "திரும்ப டைப்போ"ங்கறதோட சேத்து நீளமா ஒரு பாடி வந்து நிக்கும், அமுக்கற ஆளு அந்தப் பொட்டியத் தொறந்து சரி பண்ணாதான் உண்டு. ஸ்க்வாஷே வேண்டாம்னு ஒரு கட்சி, மெயின் லாக் சுத்தமா இருக்கணும்னு இன்னொரு கட்சி, எங்க டீம்ல போன வாரம் கூட இதுக்கு சண்டைதான்.