பெல்ட் போட்ட முதுகோடு காரைக்குடியில் ஆறு வாரம்

சிங்கப்பூரில் முதுகெலும்பின் அடிப்பகுதியில் எல்4-எல்5 டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஐந்தாவது வாரம், பறக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அங்கே தனியாகக் கிடப்பதைவிட ஆத்தா கையால் சாப்பிட்டுத் தேறலாம் என்று காரைக்குடிக்குக் கிளம்பிவிட்டேன்.

விமானத்தில் நாலு மணி நேரம் சொச்சம். நடைபாதை ஓரத்து இருக்கை வாங்கி, மணிக்கொரு தரம் எழுந்து நடந்தேன். திருச்சியில் 2024-ல் திறந்த புது முனையத்தில், முன்பே சொல்லிவைத்த சக்கர நாற்காலி தயாராக நின்றது. தள்ளி வந்த தம்பி பெட்டியையும் எடுத்துக் கொடுத்து, கார் வரை கொண்டுவந்து விட்டார்.

சொதப்பல் காரில்தான். முன்சீட்டு நன்றாகச் சாய்கிற பெரிய வண்டி வேண்டும் என்று இரண்டு தடவை போனில் சொல்லியும் வந்தது சின்ன வண்டி. புதுக்கோட்டை வழியாக 90 கிலோமீட்டர் சொச்சம். சாலையைக் குறை சொல்ல முடியாது, ஊருக்கு ஊர் இருக்கும் வேகத்தடைதான் எமன். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கின பிறகு டிரைவர் "பார்த்து சார்" என்றார்.

எங்கள் வீட்டில் சாப்பாடு, அரட்டை, தூக்கம் எல்லாம் தரையில். கழிப்பறையும் குத்தவைக்கிற பழைய மாதிரி. குனியக் கூடாத எனக்கு இரண்டுமே ஆகாது. கட்டிலும் கமோடு நாற்காலியும் வாடகைக்குக் கிடைக்குமா என்று நான் செல்போனில் துழாவிக்கொண்டிருக்க, தெருமுனை மருந்துக்கடைக்காரர் யாரையோ கூப்பிட்டுச் சொன்னார். சாயங்காலமே குட்டியானையில் வந்து இறங்கிவிட்டன. இரண்டுக்கும் சேர்த்து மாதம் 2,500 ரூபாய், முன்பணம் 5,000. பில் மட்டும் கேட்கக் கூடாது!

ஆத்தாவுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதில் பிசியோதெரபியும் உண்டு. ஆனால் நடமாடுகிற நான், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வானேன்? வெளியிலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண்ணை ஏற்பாடு செய்தேன், ஒரு தடவைக்கு 500 ரூபாய்.

முதல் நாள், "அண்ணே, எந்திரிச்சுக் காட்டுங்க" என்றார். படுத்திருந்தவன் தம் பிடித்து நேராக எழுந்தேன். "இப்படி எந்திரிச்சா ஆபரேஷன் பண்ணினதே வீண்." முழங்காலை மடக்கி, உடம்பை ஒரே கட்டையாக ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கையூன்றி எழ வேண்டும். சிங்கப்பூரிலும் இதைப் படம் போட்ட தாளில் கொடுத்தார்கள்தான். இவரோ என் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை வைத்துக்கொண்டு, இடுப்பு முந்தினால் ஒரு தட்டு, தோள் முந்தினால் ஒரு தட்டு என்று பத்துத் தடவை உருட்டினார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் எழும்போதும் அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

நடைப்பயிற்சி வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றித்தான். ஆத்தங்குடிக் கல் ஈரத்தில் வழுக்கும், அதனால் கழுவிவிட்டுக் காய்ந்த பிறகே அனுமதி. சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டையைத் தூணடியில் வைத்து ஆத்தா எண்ணுவார். நான் ஏமாற்ற முடியாது.

பெரிய தொல்லை, பார்க்க வந்தவர்கள். இருபது நிமிஷத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் மரத்துவிடும், அவர்களோ இரண்டாவது காபிக்குப் பிறகுதான் பேச்சையே தொடங்குவார்கள். அப்புறம் நின்றுகொண்டே பேசப் பழகிவிட்டேன். மரியாதைக் குறைவு என்று ஒரு பெரியப்பாவுக்கு வருத்தம்.

கிளம்புவதற்கு முதல் நாள் கட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். கமோடு நாற்காலியை மட்டும் ஆத்தா விடவில்லை. "இதுக்கு என்ன விலைன்னு கேளு" என்றார். அவருக்கு மூட்டுவலி ஆறு வருஷமாக இருக்கிறதாம்.