குறிச்சொல்லா, பட்டையா? வார்த்தைக் கணக்குக்கு எது சரி

மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறேழு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். 3 முதல் 5ஆம் வகுப்பு வரை படிப்பவர்கள். கூட்டல், கழித்தல் எல்லாம் சுத்தமாகப் போடுவார்கள். அதையே இரண்டு வரிக் கதையாகக் கொடுத்தால், "கூட்டணுமா, கழிக்கணுமா?" என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

முதல் வருடம் குறிச்சொல் முறையில்தான் நடத்தினேன். 'மொத்தம்' வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி, 'மடங்கு' என்றால் பெருக்கு. ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள், மதிப்பெண்ணும் வந்தது.

அப்புறம் இப்படி ஒரு கணக்கு கொடுத்தேன்: "ரவியிடம் 12 கோலிகள் உள்ளன. அது கண்ணனிடம் உள்ளதைவிட 5 அதிகம். கண்ணனிடம் எத்தனை?" 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததுமே பாதிப் பேர் 17 என்று எழுதிவிட்டார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. கதையைப் படிக்காமல் சொல்லை மட்டும் தேடச் சொன்னது நான்தான்.

இப்போது நடத்துவது பட்டை வரையும் முறை. 1980களில் சிங்கப்பூர் தன் ஆரம்பப் பள்ளிகளுக்காக உருவாக்கியது. ரவிக்கு நீளமாக ஒரு பட்டை, அதில் 12. அதன் கீழே கண்ணனுக்குக் குட்டையாக ஒன்று, குறைகிற இடத்தில் 5. வரைவதற்கே யாரிடம் அதிகம் என்று முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்தால் 7 தானாக வந்துவிடும்.

என்னை மாற வைத்தது அடுத்தடுத்த வகுப்புகள்தான். "அக்காவிடம் தம்பியைப்போல் 3 மடங்கு பணம், இருவரிடமும் சேர்த்து 80 ரூபாய்" என்று கேட்டால் குறிச்சொல் பிள்ளை 80ஐ 3ஆல் பெருக்கி 240 என்கிறது. பட்டை வரைகிற பிள்ளை தம்பிக்கு ஒரு கட்டம், அக்காவுக்கு மூன்று கட்டம் போடுகிறது. நாலு கட்டம் சேர்ந்து 80, ஒரு கட்டம் 20. தம்பிக்கு 20, அக்காவுக்கு 60. ஆறாம் வகுப்பில் இயற்கணிதம் வரும்போது அதே கட்டத்துக்கு ஓர் எழுத்தைப் பெயராக வைத்தால் போதும். குறிச்சொல் பட்டியலோ ஒவ்வொரு வகுப்பிலும் நீண்டுகொண்டே போகும், விதிவிலக்குகளும் கூடவே வளரும்.

கணித அறிஞர் போல்யா, கணக்குகளைத் தீர்க்க 1945இல் சொன்ன நாலு படிகளையும் முயன்றேன்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். பெரியவர்களுக்கு அருமை. என் பிள்ளைகள் அதை விடைத்தாளில் நாலு தலைப்பாக எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பட்டையிலும் சிக்கல் உண்டு. நேரம் பிடிக்கும். ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் பார்த்துக் கோடு போட்டே களைத்துப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கையால் கிறுக்கினால் போதும் என்று ஒரு மாதம் சொன்னேன். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் நான் நடத்தியது ஒரே ஒரு பிள்ளைக்கு, அதுவும் புளியங்கொட்டையை வைத்து. பின்னங்களில் இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையனுக்கு மட்டும் பழைய குறிச்சொல் பட்டியலையே எடுத்துக் கொடுத்தேன்.