கோல்கீப்பரா, முன்வரிசையா?

டர்பனில் பருவத்துக்கு முந்தைய ஹாக்கி ஆட்டத்தில் 3-2 எனத் தோற்றோம். கூடுதல் பயிற்சி கோல்கீப்பருக்கா, கோல் அடிக்கும் முன்வரிசைக்கா என்று டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிப் பெற்றோர் கேட்கிறார்கள்.

செலவு: கோல்கீப்பருக்குக் கால்காப்பு, தலைக்கவசம், கையுறை வேண்டும், முன்வரிசைக்குச் செலவு குறைவு.

காலம்: முன்வரிசையின் புரிதல் ஆட ஆடக் கூடிவரும். கோல்கீப்பரின் தவறு தானாகத் திருந்தாது. இரண்டு பெனால்டி கார்னரிலும் (தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு) எங்கள் கோல்கீப்பர் பெண், அடி விழுமுன்பே இடப்பக்கம் சாய்ந்துவிட்டாள். பந்து கோலின் வலது மூலைப் பலகையில் மோதியது. கோல் 3.66 மீட்டர் அகலம். முந்திச் சாய்ந்தால் பாதி திறந்துவிடும். கார்னரில் கோலை நோக்கிய முதல் அடி, மட்டையால் தள்ளி வீசுவதாக இல்லாவிட்டால், 46 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆகவே நின்று பார்த்தாலே காலால் தடுக்கலாம்.

ஆட்களை மாற்றி மாற்றி இறக்கிய ஆட்டத்தை வைத்து முன்வரிசையை எடைபோடுவது அநியாயம்.

இளையோர் அணிக்குக் கோல்கீப்பர் பயிற்சியே முதலில். அனுபவமுள்ள கோல்கீப்பர் இருக்கும் பெரியவர் அணி முன்வரிசையைக் கவனிக்கட்டும்.