லேயர் 3 ஸ்விட்ச் என்று காசு வாங்கிவிட்டு மாட்டியது வேறு

ஆபீஸ் நெட்வொர்க் வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் கடைசித் தவணைக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள், நான் முழுப் பணத்தையும் கொடுத்த பிறகுதான் முழித்துக்கொண்டேன்.

எங்களுடையது 14 பேர் வேலை செய்யும் டிசைன் ஆபீஸ். சர்வர், டிசைனர்கள், கேமரா, வருகிறவர்களுக்கான வைஃபை என நாலு வீலேனாக (ஒரே ஸ்விட்சிலேயே தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) பிரித்து, நடுவில் லேயர் 3 ஸ்விட்ச், அதாவது வீலேன்களுக்கு இடையே டேட்டாவைத் தானே கடத்தும் (ரூட்டிங்) ஸ்விட்ச், வைத்துத் தருவதாக வேலை எடுத்தவர் கொடுத்த கொட்டேஷன். வேலை முடிந்த மறுநாளே டிசைனர் தம்பி வந்து நிற்கிறான்: "அண்ணா, நாஸ்லேர்ந்து 10 ஜிபி ஃபைல் இழுத்தா கால் மணி நேரம் ஆகுது." நாஸ் என்பது எல்லோரும் ஃபைல் வைக்கும் பொதுச் சேமிப்புப் பெட்டி, சர்வர் வீலேனில் இருப்பது. வேலை எடுத்தவருக்குப் போன் போட்டால், "கேபிள் பழசு சார்." அதையும் நம்பிக் கேபிள் மாற்றினேன், அது தனிச் செலவு.

அப்புறம் நண்பர் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். சர்வர் வீலேன் போர்ட்டிலேயே செருகிக் காப்பி செய்தால் நொடிக்கு 110 எம்பி. டிசைனர் போர்ட்டுக்கு மாற்றினால் 11, அதற்கு மேல் நகரவில்லை. ரேக்கைத் திறந்தால் இருப்பது வெறும் லேயர் 2 ஸ்விட்ச், வீலேன்களுக்கு இடையே ரூட்டிங் செய்யாதது. அதிலிருந்து ஒரே ஒரு கேபிள், 100 எம்பிபிஎஸ் (நொடிக்குச் சுமார் 12 எம்பிதான்) போர்ட் உள்ள பழைய ரூட்டருக்குப் போகிறது. ஒரு வீலேனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் அந்த ஒற்றைக் கேபிளில் ஏறி, அதிலேயே இறங்க வேண்டும். இப்படிச் செய்வது தப்பில்லை, சின்ன ஆபீஸுக்குப் போதும், ஆனால் அதற்கு லேயர் 3 விலையா? பில்லை எடுத்துப் பார்த்தேன், "24 போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச்" என்று மட்டும் இருந்தது. கொட்டேஷனில் இருந்த "லேயர் 3" பில்லில் காணாமல் போயிருக்கிறது, நானும் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இதைவிட வயிற்றைக் கலக்கியது இன்னொன்று. வருகிறவர்களுக்கான வைஃபையில் என் போனை இணைத்து, கேமரா ரெக்கார்டரின் ஐபியை அடித்தால் லாகின் பக்கம் ஜம்மென்று வருகிறது! ரூட்டிங்கை ஆன் செய்தால், தடுக்கச் சொல்லாதவரை அது எல்லா வீலேனுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். தடுப்பதற்கு ஏசிஎல் (யார் எங்கே போகலாம், போகக்கூடாது என்ற விதிப்பட்டியல்) எழுத வேண்டும், ரூட்டரில் அப்படி ஒரு வரிகூட இல்லை. "பிரிச்சாச்சு சார், பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

அதனால், பணம் கொடுக்கும் முன் உங்கள் கையாலேயே கெஸ்ட் வைஃபையிலிருந்து சர்வரையும் ரெக்கார்டரையும் திறந்து பாருங்கள், பெரிய ஃபைல் ஒன்றை வீலேன் தாண்டிக் காப்பி செய்து வேகம் பாருங்கள், ஸ்விட்ச் மாடல் எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அட்மின் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை, அவர் போனும் எடுப்பதில்லை, கடைசியில் எல்லாவற்றையும் ரீசெட் செய்து முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று, ஆபீஸ் இரண்டு நாள் மூடிக் கிடந்தது.